காலை வெயிலா, மாலை வெயிலா: ஜெட்லாக் (தூர விமானப் பயணத்தால் வரும் தூக்கக் குழப்பம்) பற்றி ஒரு விரிவான பதில்

கேட்டவர் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறார். வீட்டில் இரண்டு மாதக் குழந்தை. மே மாத நடுவில் கும்பகோணத்திலிருந்து அப்பாவும் (68) அம்மாவும் (63) முதல் தடவையாக அமெரிக்கா வருகிறார்கள். சென்னையில் விடியற்காலை 4 மணிக்கு ஏறி, துபாயில் மாறி, மறுபடி 14 மணி நேரம் பறந்து, நியூயார்க்கில் பிற்பகல் இரண்டரை வாக்கில் இறங்குகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, மெட்ஃபார்மினும் கிளிமெப்பிரைடும் சாப்பிடுகிறார். "மறுநாளிலிருந்து காலை வெயிலில் நடக்க வையுங்கள், ஜெட்லாக் ஓடிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். விமானத்தில் தூங்க விடாதே என்றும் சொல்கிறார்கள். எது சரி? மெலடோனின் கொடுக்கலாமா? அக்டோபரில் திரும்பிப் போகும்போது என்ன செய்வது?" இதுதான் கேள்வி.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் டாக்டர் இல்லை. தூக்க ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாகப் பல வருடம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவன். என் வீட்டுக்கும் சென்னையிலிருந்து பெரியவர்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். மாத்திரை, ஊசி சம்பந்தப்பட்ட இடத்தில் அப்பாவின் டாக்டர் சொல்வதுதான் முடிவு. மற்றதை நான் சொல்கிறேன்.

உங்கள் பெற்றோர் விஷயத்தில் முதல் வாரம் காலை வெயில் வேண்டாம். மாலை வெயில்தான் வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால் நான்கைந்து நாளில் அடங்க வேண்டிய தொந்தரவு பதினைந்து நாள் இழுக்கும். என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆயிற்று.

அம்மா முதல் தடவை வந்தபோது தினமும் காலை ஆறரைக்கு அவரைக் கையோடு நடக்கக் கூட்டிப் போனேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நம்பினேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, சமையலறையில் இருக்கிற எல்லா விளக்கையும் போட்டு, இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருப்பார். சாயங்காலம் ஐந்தரை, ஆறுக்கு நான் வேலையிலிருந்து வந்து பார்த்தால், சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பார். மடியில் முறம், முறத்தில் பாதி ஆய்ந்த கீரை, விரல்களுக்கு நடுவில் இன்னும் ஒரு தண்டு. எழுப்பினால் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று புரியாமல் ஒரு நிமிடம் விழிப்பார். அந்த விழிப்பைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். இரண்டு வாரம் கழித்துத்தான், ஆய்வுக்கூடத்தில் நான் தினமும் கையாளும் விஷயத்தை வீட்டில் பொருத்திப் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது.

நம் ஊரில் சாலையோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். பொழுது சாயும் நேரத்தில் இலையை மடித்துக்கொள்ளும். புளியமரமும் அப்படியே. சூரியன் போவதைப் பார்த்துத்தான் மடிக்கிறது என்று நினைப்போம். 1729-இல் பிரான்ஸில் தெ மெய்ரான் என்பவர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாமலும் அது நேரத்துக்கு இலையை விரித்தது, நேரத்துக்கு மடித்தது. கடிகாரம் செடிக்கு உள்ளேயே இருந்தது.

நமக்கும் அப்படித்தான். மூளையின் அடிப்பக்கத்தில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்கு நேர் மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். கல்லீரல், குடல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றிலும் கிளைக் கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒரு செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தலைமைக் கடிகாரத்தின் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரம் இல்லை. சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதல். அதனால் தன் போக்கில் விட்டால் அது தினமும் கொஞ்சம் தள்ளிப்போகத்தான் பார்க்கும். மேற்கே போகும்போது நாளை நீட்டுகிறோம். அது உடம்புக்கு ஒத்துப்போகிற திசை, ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் வரை நகரும். கிழக்கே வரும்போது நாளைச் சுருக்குகிறோம். ஒரு மணி நேரம் நகர்ந்தாலே அதிகம். போவது சுலபம், வருவது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கடிகாரத்தைத் திருப்பும் சாவி வெளிச்சம். கண்ணின் விழித்திரையில், பார்வைக்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்வதற்கென்றே தனி செல்கள் உண்டு. நீல வெளிச்சத்துக்கு அவை அதிகம் அசையும். ஆனால் ஒரே வெளிச்சம், படுகிற நேரத்தைப் பொறுத்து, கடிகாரத்தை முன்னும் தள்ளும், பின்னும் தள்ளும். எல்லோரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

நம் உடம்புச் சூடு ஒரு நாளில் மிகவும் குறைந்து போகும் நேரம் ஒன்று இருக்கிறது. வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்பு. ஆறு, ஆறரைக்கு எழுபவருக்கு அது விடியற்காலை நாலு மணி. அதை அடிப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளிக்கு முந்தைய சில மணி நேரத்தில் வெளிச்சம் பட்டால் கடிகாரம் தாமதமாகும். புள்ளியைத் தாண்டிய சில மணி நேரத்தில் பட்டால் கடிகாரம் முந்தும். உள்ளூரில் இருக்கும்வரை காலை வெயில் நம்மைச் சீக்கிரம் எழ வைப்பதும் ராத்திரி போனைப் பார்ப்பது தூக்கத்தைத் தள்ளிப்போடுவதும் இதனால்தான். ஆனால் விமானத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டால், அடிப்புள்ளி பட்டப்பகலில் போய் விழுந்துவிடும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மே மாதத்தில் நியூ ஜெர்சி நம் ஊரைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அப்பாவுக்குக் கும்பகோணத்தில் விடியற்காலை 4 மணி என்றால், எடிசனில் முந்தின நாள் சாயங்காலம் ஆறரை. அவருடைய அடிப்புள்ளி அங்கே இருக்கிறது. அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து வாசல் தெளிக்கிறவர் என்றால் அவருடைய அடிப்புள்ளி எடிசனில் சாயங்காலம் ஐந்து மணி. சாயங்காலம் அவர்களுக்குத் தூக்கம் அமுக்குவதற்குக் காரணம் அசதி மட்டும் இல்லை. உடம்பு அந்த நேரத்தில் நடுச்சாமத்தில் இருக்கிறது. ராத்திரி இரண்டரைக்கு விழித்துப் பார்ப்பதும் அதே கணக்கு: கும்பகோணத்தில் நண்பகல் பன்னிரண்டு. மூன்றரைக்குப் பசிக்கும், ஏனென்றால் அங்கே இலை போடும் நேரம்.

இந்த அடிப்புள்ளியைச் சாயங்காலத்திலிருந்து விடியற்காலைக்குக் கொண்டுபோக வேண்டும், அதாவது தாமதமாக்க வேண்டும். அதற்கு வெளிச்சம் புள்ளிக்கு முன்னால் பட வேண்டும்: பிற்பகல் இரண்டிலிருந்து ஆறரை வரை. மறுநாள் புள்ளி எட்டு மணிக்கு நகர்ந்திருக்கும், அதற்கடுத்த நாள் ஒன்பதரைக்கு. அப்படியே நீங்கள் வெளியே கூட்டிப் போகும் நேரத்தையும் சாயங்காலத்துக்குத் தள்ளிக்கொண்டே போகலாம். மே மாதத்தில் எட்டு மணி வரை வானத்தில் வெளிச்சம் இருக்கிறது, அது உங்களுக்குக் கிடைத்த வசதி. நான்காவது ஐந்தாவது நாளில் புள்ளி நள்ளிரவுக்குப் பக்கம் வந்துவிடும். அங்கிருந்து ராத்திரித் தூக்கம் தூக்கமாக இருக்கும்.

அப்படி வரும்போதுதான் காலை வெயில் ஆபத்தாகிறது. புள்ளி நள்ளிரவில் இருக்கும்போது காலை ஆறரை வெயில் அதைத் தாண்டிப் படுகிறது. கடிகாரத்தை முந்த வைக்கிறது, நீங்கள் மாலையெல்லாம் தள்ளியதைக் காலையில் திருப்பி இழுக்கிறது. என் அம்மாவுக்கு நான் செய்தது இதைத்தான். ஆகவே ஒரு வாரம் காலை நடை வேண்டாம். ஜன்னல் திரையை எட்டு, ஒன்பது மணி வரை மூடியே வையுங்கள். எழுந்துவிட்டார்கள் என்றால் உள்ளே இருக்கட்டும், காபி குடிக்கட்டும், பேத்தியைப் பார்க்கட்டும். ஒரு வாரம் கழித்து அம்மா தாராளமாக அவர் வழக்கப்படி காலையில் நடக்கலாம்.

வேறு யாராவது இதைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால்: வீட்டில் வழக்கமாக எழும் நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் கழியுங்கள், அதைப் போய்ச் சேரும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். மேற்கே போகிறவர்கள் அந்த நேரத்துக்கு முன்னால் வெளிச்சம் தேட வேண்டும், பின்னால் தவிர்க்க வேண்டும். கிழக்கே போகிறவர்களுக்கு நேர் எதிர். லண்டனோ சிட்னியோ, இது மாறாது. கலிஃபோர்னியாவுக்குக் கோடையில் வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம். அங்கேயும் தாமதமாக்கும் திசையிலேயே போங்கள், அடிப்புள்ளி பிற்பகல் மூன்றரையில் இருக்கும்.

வெளிச்சம் என்றால் எவ்வளவு வெளிச்சம்? வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக்குள் விளக்குப் போட்ட கூடத்தில் 100 முதல் 300 லக்ஸ் இருக்கும். மேகமூட்டமான நாளில்கூட வெளியே 10,000 லக்ஸுக்குப் பக்கம் இருக்கும், நல்ல வெயிலில் ஒரு லட்சம். நம் கண் பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் தெரிவதில்லை, ஆனால் கடிகாரத்துக்குத் தெரியும். அதனால் ஜன்னல் ஓரம் உட்கார வைப்பது போதாது, வாசலுக்கு வெளியே வர வேண்டும். வெயிலில் காய வேண்டியதில்லை, மர நிழல் போதும். எடிசனில் ரூஸ்வெல்ட் பார்க் இருக்கிறது. ஸ்ட்ரோலரில் குழந்தையைப் போட்டுக்கொண்டு நாலு மணிக்கு ஏரிக்கரைப் பக்கம் ஒரு மணி நேரம் போய் வந்தால் மூன்று தலைமுறைக்கும் நல்லது. இரண்டு மாதக் குழந்தைக்கு இப்போதுதான் பகல் இரவுக் கடிகாரமே உருவாகத் தொடங்குகிறது. பகலில் வெளிச்சம், ராத்திரியில் இருட்டு என்பது அதற்கும் தேவை.

குழந்தை என்றதும் ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டரைக்குக் குழந்தை அழும், பாட்டி விழித்திருப்பார். "நான்தான் முழிச்சிட்டிருக்கேனே, நீ போய்ப் படு" என்பார். நீங்கள் இரண்டு மாதமாகத் தூங்காதவர், அந்த வார்த்தை தேனாக இனிக்கும். முதல் மூன்று நாள் சரி, ஏற்றுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் அதுவே ஏற்பாடாகிவிட்டால் அம்மாவின் கடிகாரம் பாதி வழியில் நின்றுவிடும். ராத்திரி முழுக்க விழிப்பு, பகல் முழுக்கத் துண்டுத் துண்டாகத் தூக்கம் என்று ஒரு மாதம் ஓட்டிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். நான்காவது நாளிலிருந்து அவர்கள் அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். குழந்தை இருக்கும் அறையில் தரையோடு ஒட்டிய, மஞ்சளோ ஆரஞ்சோ தரும் சின்ன ராத்திரி விளக்கு மட்டும் எரியட்டும். பாத்ரூம் போகும் வழிக்கும் அதே மாதிரி ஒன்று. பெரியவர்கள் புது வீட்டில் இருட்டில் தடுக்கி விழுவதைத் தவிர்க்கவும் அது வேண்டும்.

இப்போது பயணத்துக்கு வருவோம். விமானத்தில் தூங்க விடாதே என்பது தப்பு. கிளம்பும் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் தூங்கட்டும், ஏனென்றால் அன்றைய ராத்திரி விமான நிலையத்தில்தான் கழியும். முதல் விமானத்தில் கண் அசந்தால் அசரட்டும். இரண்டாவதில் கவனமாக இருக்க வேண்டும். துபாயில் காலை எட்டரைக்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் நியூயார்க்கில் அப்போது நள்ளிரவு தாண்டி அரை மணி நேரம். ஆகவே முதல் ஆறு ஏழு மணி நேரம்தான் நியூயார்க்கின் இரவு. ஒரு வேளை சாப்பாடு வந்ததும் சாப்பிட்டுவிட்டு, கண் மறைப்பைப் போட்டு, ஜன்னலை மூடி, அப்போது தூங்க வேண்டும். முந்தின ராத்திரி தூங்காததால் தூக்கம் வரும். மீதி ஏழு மணி நேரம் விழித்திருக்க வேண்டும். இதை ஒரு துண்டுச் சீட்டில், "இரண்டாவது விமானம்: முதல் பாதி தூக்கம், இரண்டாம் பாதி முழிப்பு" என்று எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடச் சொல்லுங்கள். போனில் அனுப்பினால் அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

விமான அசதி வேறு, ஜெட்லாக் வேறு. கால் வீக்கம், தொண்டை வறட்சி, தலைபாரம் இதெல்லாம் அசதி. ஒரு நாள் நன்றாகத் தூங்கினால் போகும். கேபினுக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம், அதாவது பதினான்கு மணி நேரம் குன்னூரிலோ ஊட்டியிலோ நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி. ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே. தண்ணீரை வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாத்ரூம் போகச் சங்கடப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வரும் அம்மாக்கள் அதிகம், அதனால் நடைபாதை ஓரத்து இருக்கை கேட்டு வாங்குங்கள். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும், உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றட்டும். காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் சாக்ஸ் போடலாமா என்று டாக்டரைக் கேட்டு, அளவு பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் மாத்திரை. மேற்கே வரும்போது அவருடைய அந்த ஒரு நாள் இருபத்து நாலு மணி நேரம் இல்லை, முப்பத்து மூன்றரை மணி நேரம். அதில் எத்தனை தடவை, எந்த நேரத்தில் மாத்திரை என்பதை விமான நேரம் எழுதிய தாளைக் காட்டி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென இறங்குவது அபூர்வம். கிளிமெப்பிரைடு அப்படி இல்லை. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் தூங்கிப்போனால் சர்க்கரை கீழே போய்விடும். சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் அந்த மாத்திரையைப் போட வேண்டும், விமானத்தில் தட்டு வருவது எவ்வளவு தாமதமாகும் என்று யாருக்கும் தெரியாது. கையில் பிஸ்கட், குளுக்கோஸ், சர்க்கரை பார்க்கும் கருவி மூன்றும் இருக்கட்டும். எல்லா மாத்திரையும் டாக்டர் சீட்டோடு கைப்பையில்தான் வர வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சரக்கு அறையில் அது உறைந்து கெட்டுப்போகலாம்.

வந்து இறங்கியதும் அவர்களுக்கு உடம்பில் நள்ளிரவு. இமிகிரேஷன் வரிசையில் அப்பா தடுமாறினால் அதுதான் காரணம். உங்கள் விலாசம், போன் நம்பர் எல்லாம் தாளில் இருக்கட்டும். வீல்சேர் உதவி முன்பே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள், நடக்க முடிந்தவர்கள் என்றாலும். அன்றைக்கு வெளியே எங்கும் கூட்டிப் போக வேண்டாம், எடிசன் வரும்வரை காரில் படுகிற வெளிச்சமே போதும். ஆறரைக்கு மேல் வீட்டுக்குள் விளக்கைக் குறைத்துவிட்டு, சுடச்சுட ரசம் சாதமோ இட்லியோ கொடுத்து, எட்டரை ஒன்பது வரைக்கும் பேசிக்கொண்டிருங்கள். ஊர்க் கதை கேளுங்கள், பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பெட்டி திறந்தால் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் தூக்கம் வராது.

பகல் தூக்கத்தை முழுக்கத் தடுக்க வேண்டாம், அது கொடுமை. மதியம் ஒரு மணி வாக்கில் இருபது முப்பது நிமிடம், அலாரம் வைத்து. சாயங்காலம் நாலுக்கு மேல் படுக்க விடாதீர்கள். அந்த நேரத்துத் தூக்கம் உடம்புக்கு ராத்திரித் தூக்கம், ஒருமுறை உள்ளே போனால் மூன்று மணி நேரத்துக்கு வெளியே வராது. காபி உள்ளே போனபின் அதன் வீரியம் பாதியாக ஐந்து மணி நேரம் ஆகும், ஆகவே மதியம் இரண்டு மணியோடு டிகாஷனை நிறுத்திக்கொள்ளலாம். நாலு மணிக் காபி இல்லாமல் அப்பாவுக்குப் பொழுது போகாதென்றால், பாலை அதிகமாக்கி டிகாஷனை ஒரு சொட்டாக்குங்கள்.

சாப்பாட்டை எடிசன் நேரத்துக்கே கொடுங்கள். குடலும் கல்லீரலும் தங்கள் கடிகாரத்தைச் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துத்தான் திருப்பிக்கொள்கின்றன. ராத்திரி மூன்றரைக்குப் பசித்தால் ஒரு வாழைப்பழம், அல்லது நாலு வாய் தயிர் சாதம். குழம்பு சூடு பண்ணி முழுச் சாப்பாடு சாப்பிட்டால், குடல் இன்னும் கும்பகோணத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். நான்கைந்து நாள் மலச்சிக்கல் வரலாம், பெரியவர்கள் இதை உங்களிடம் சொல்லத் தயங்குவார்கள், நீங்களாகவே கேளுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை இருப்பதால் ராத்திரிப் பசியைப் பசிதானே என்று விடாதீர்கள், வியர்வை, நடுக்கம் இருந்தால் உடனே சர்க்கரை பாருங்கள்.

மெலடோனின். இருட்டியதும் மூளையில் சுரக்கிற பொருள் இது. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் பிரித்தெடுத்தார். தூக்க மாத்திரை என்று நினைக்கிறார்கள், இது "பொழுது சாய்ந்தது" என்று உடம்புக்குச் சொல்லும் தகவல், அவ்வளவுதான். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் உள்ள பயணத்தில் இது உதவுகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2002-இல் சொன்னது. அரை மில்லிகிராமிலிருந்து ஐந்து வரை ஏறக்குறைய ஒரே பலன்தான். ஆகவே கடையில் கிடைக்கும் பத்து மில்லிகிராம் டப்பா தேவையே இல்லை. எடிசனில் படுக்கப் போகும் நேரத்தில், அரையோ ஒன்றோ, நாலைந்து ராத்திரி. அமெரிக்காவில் இது மருந்துக் கணக்கில் வராமல் சத்துப்பொருள் கணக்கில் விற்பதால், டப்பாவில் போட்டிருக்கும் அளவும் உள்ளே இருக்கும் அளவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. வலிப்பு உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களும் தொடக்கூடாது. அப்பாவுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வழக்கமான தூக்க மாத்திரைகளை இந்த வயதில் நான் சொல்லவே மாட்டேன். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து, தள்ளாடி, இடுப்பை உடைத்துக்கொண்ட கதைகள் எனக்குத் தெரியும்.

அக்டோபரில் திரும்பும்போது எல்லாம் தலைகீழ். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு என்றால் அதே ஒன்பதரை மணி வித்தியாசம். அதற்குப் பின் பத்தரை. எடிசனில் பழகிய அவர்களுடைய அடிப்புள்ளி, விடியற்காலை 4 மணி, கும்பகோணத்தில் மதியம் ஒன்றரையில் விழும். இப்போது கடிகாரத்தை முந்த வைக்க வேண்டும். ஆகவே ஒன்றரைக்கு முன் வெளிச்சம் தவிர்க்க வேண்டும், பின் தேட வேண்டும். வெறும் கண்ணோடு காலை வெயிலில் நின்றால் கடிகாரம் எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்து, பதினாலரை மணி நேரம் சுற்றிக்கொண்டு வந்து சேரப் பார்க்கும். ஊர் திரும்பியவர்கள் சிலருக்கு இரண்டு வாரமானாலும் சரியாகாமல் இருப்பது இதனால்தான்.

காலை எட்டு மணிக்குச் சென்னையில் இறங்கி, ஒன்பதரைக்குக் காரில் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போதே இருவரும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளட்டும். அழைக்க வருகிறவர் தூங்கி எழுந்தவராக இருக்க வேண்டும், அப்பா ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பின் இருக்கையில் கண் மறைப்போடு, விக்கிரவாண்டி தாண்டிச் சாப்பிட நிற்கும்வரை தூங்கட்டும். ஒன்றரைக்கு மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வரலாம். மூன்றரைக்கு வீடு சேர்ந்ததும் உள்ளே போய்ப் படுக்காமல் திண்ணையில் உட்காரட்டும். நிழல்தான், ஆனாலும் வீட்டுக்குள் இருப்பதைவிட எத்தனையோ மடங்கு வெளிச்சம் அங்கே. எப்படியும் தெருவே விசாரிக்க வரும், ஆறு மணி வரை பொழுது தானாகப் போகும்.

முதல் நாள் ராத்திரி மூன்று மணி வரை தூக்கம் வராது, அதற்குப் பயப்பட வேண்டாம். மறுநாள் அறையை இருட்டாக்கிப் பன்னிரண்டு மணி வரைகூடத் தூங்கலாம். அதற்கடுத்த நாள் பதினொன்று, பிறகு பத்து என்று தினமும் ஒரு மணி நேரம் முன்னால் எழுப்ப வேண்டும், எழுந்தபின் வாசலுக்கு வந்துவிட வேண்டும். மெலடோனின் எடுப்பதானால் இரவு ஒன்பது மணி வாக்கில். உறவுக்காரர்கள் யாராவது "பட்டப்பகல்ல என்ன தூக்கம், எழுந்து வெயில்ல நில்லு" என்று சொல்லத்தான் செய்வார்கள். பத்து நாள் மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பதினோராம் நாள் ஐந்து மணிக்கு அவர் வாசல் தெளிக்கலாம்.